வீட்டு நெட்வொர்க்: அமைப்பது முதல் பழுது பிடிப்பது வரை முழுமையான வழிகாட்டி

"நெட் வரவில்லை" என்பது ஒரே புகார்தான். அதற்குக் காரணம் வெளியிலிருந்து வரும் ஃபைபராக இருக்கலாம், ரவுட்டராக இருக்கலாம், சுவரோரம் ஓடும் கேபிளாக இருக்கலாம், வைஃபை சேனலாகவோ, தளத்தின் பெயரை எண்ணாக மாற்றித் தரும் டிஎன்எஸ்ஸாகவோகூட இருக்கலாம். எது என்று பார்க்காமல் எல்லாவற்றையும் அணைத்துப் போடுவதுதான் பெரும்பாலும் நடக்கிறது. சில நேரம் சரியாகியும் விடும். ஏன் சரியானது என்று தெரியாததால் அடுத்த வாரம் மறுபடியும் அதே தொல்லை. கருவிகள் ஒன்றோடொன்று பேசுவது படிப்படியாக நடக்கும் வேலை. ஒவ்வொரு படியையும் தனியாகச் சோதித்துப் பார்க்க முடியும். அந்தப் படிகள் தெரிந்தால் அமைப்பதும் எளிது, கோளாறைப் பிடிப்பதும் எளிது.

ஒரு பக்கம் திறப்பதற்குள் நடப்பவை

போனை வைஃபையில் இணைத்து ஒரு இணையதளத்தைத் திறக்கிறீர்கள். முதலில் போனும் ரவுட்டரும் பாஸ்வேர்டைச் சரிபார்த்து, தங்களுக்குள் ஒரு ரகசிய விசையை ஒப்புக்கொள்கின்றன. அடுத்து போன், "எனக்கு ஒரு முகவரி வேண்டும்" என்று நெட்வொர்க் முழுவதற்கும் ஒரு செய்தி அனுப்புகிறது. ரவுட்டருக்குள் இருந்து முகவரி வழங்கும் சேவையான டிஎச்சிபி அதற்குப் பதில் தருகிறது. அந்தப் பதிலில் நான்கு விவரங்கள் இருக்கும்: போனுக்கான ஐபி முகவரி (உதாரணமாக 192.168.1.23), நெட்வொர்க்கின் எல்லையைச் சொல்லும் சப்நெட் மாஸ்க், வெளியே போகும் வாசலான கேட்வே (பெரும்பாலும் 192.168.1.1), டிஎன்எஸ் முகவரி. இவை நிரந்தரமல்ல, குத்தகைக்குத்தான். பல ரவுட்டர்களில் 24 மணி நேரம். பாதி நேரம் கழிந்ததும் போன் தானாகவே புதுப்பித்துக்கொள்ளும்.

இனி தளத்தின் பெயரை எண்ணாக மாற்ற வேண்டும். அது டிஎன்எஸ்ஸின் வேலை. எண் கிடைத்ததும் போன் அந்த சர்வருடன் மூன்று சிறு செய்திகளில் இணைப்பை ஏற்படுத்துகிறது. பாதுகாப்பான தளம் என்றால் போர்ட் 443இல் (சர்வரில் அந்தச் சேவைக்கான வாசல் எண்) குறியாக்கத்தையும் பேசி முடிவு செய்கிறது. அதன் பிறகே பக்கம் இறங்கத் தொடங்கும்.

தரவு ஒரே கட்டியாக வருவதில்லை. பாக்கெட் எனும் சிறு துண்டுகளாக வருகிறது. கேபிள் வழி இணைப்பான ஈதர்நெட்டில் ஒரு பாக்கெட்டின் வழக்கமான உச்ச அளவு 1500 பைட். 3 எம்பி படம் ஒன்று ஏறக்குறைய 2000 பாக்கெட்டுகளாக உடைந்துதான் உங்களிடம் வந்து சேர்கிறது. வழியில் ஒன்று தொலைந்தால் அதை மட்டும் மறுபடி கேட்டு வாங்கும் பொறுப்பு டிசிபி என்ற தகவல்தொடர்பு விதிமுறைக்கு உரியது. வைஃபை சிக்னல் கெட்டுப்போனால் நெட் "மெதுவாகி" விடுவது இதனால்தான்: பாக்கெட்டுகள் தொலைந்து, மறுபடி அனுப்பப்பட்டு, நேரம் போகிறது.

வீட்டில் எத்தனை கருவி இருந்தாலும் வெளியுலகத்துக்கு ரவுட்டரின் ஒரே முகவரிதான் தெரியும். எந்தப் பதில் எந்தக் கருவிக்கு என்பதை ரவுட்டர் ஒரு அட்டவணையில் குறித்து வைத்துக்கொள்ளும், இதுதான் நாட். 192.168, 10, 172.16 முதல் 172.31 வரை எனத் தொடங்கும் முகவரிகள் வீட்டுக்குள் மட்டும் செல்லுபடியாகும். ரவுட்டரின் வெளிப்பக்க முகவரியே 100.64 முதல் 100.127 வரைக்குள் இருந்தால், இணைப்பு நிறுவனமும் தன் பக்கத்தில் இன்னொரு நாட் வைத்திருக்கிறது என்று பொருள். அப்போது வெளியிலிருந்து வீட்டு கேமராவை நேரடியாக எட்ட, போர்ட் ஃபார்வேர்டிங் (வரும் இணைப்பை ரவுட்டர் ஒரு கருவிக்குத் திருப்பிவிடுவது) எவ்வளவு செய்தாலும் பயனில்லை.

ரவுட்டரை எங்கே வைப்பது

வீட்டின் நடுவில், தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில், திறந்த இடத்தில். இரும்பு அலமாரி, மீன் தொட்டி, முகம் பார்க்கும் பெரிய கண்ணாடி, டிவியின் பின்புறம் ஆகிய நான்கும் சிக்னலுக்கு எதிரிகள். ஃபைபர் உள்ளே வரும் மூலையிலேயே ரவுட்டரையும் மாட்டிவிடுவதுதான் பொதுவான வழக்கம். 10 மீட்டர் கேபிள் ஒன்றை நடு அறைவரை இழுத்துவிட்டால் தீரக்கூடிய பிரச்சினைக்கு, வைஃபை சிக்னலைப் பெற்று மறுபடி பரப்பும் ரிப்பீட்டர் வாங்கி அடுக்குபவர்கள் பலர்.

ஃபைபர் பெட்டி தனியாக இருந்தால் அது இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும். அதிலிருந்து ரவுட்டரின் வான் (WAN) போர்ட்டுக்கு, அதாவது வெளி இணைப்பைச் செருகும் துளைக்கு, கேபிள் போட்டால் போதும். ஃபைபர் வயரை 3 செ.மீ. ஆரத்துக்கும் குறைவாக மடக்காதீர்கள். ஒளி வளைவில் கசிந்துவிடும். கழற்றிய ஃபைபர் முனையைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்க்கவே கூடாது. அதில் வருவது கண்ணுக்குத் தெரியாத லேசர்.

கேபிள்: அதிகம் ஏமாற்றும் இடம்

ஒரே இடத்தில் நிற்கும் டிவி, டெஸ்க்டாப், கேம் பெட்டி எல்லாவற்றுக்கும் கேபிள்தான் சரி. கேட் 5இ கேபிள் 100 மீட்டர்வரை 1 ஜிகாபிட் வேகம் தரும். கேட் 6இல் 10 ஜிகாபிட் சுமார் 55 மீட்டர்வரை. கேட் 6ஏயில் முழு 100 மீட்டருக்கும். வீட்டுக்குள் புதிதாக இழுப்பதென்றால் கேட் 6 போதும். முழுச் செம்பு என்று எழுதியிருப்பதை வாங்குங்கள். அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய மலிவு கேபிளின் தடை அதிகம், மடக்கினால் உள்ளேயே ஒடியும். மின்வயருக்கு இணையாக ஓட்ட நேர்ந்தால் 20–30 செ.மீ. தள்ளி ஓட்டுங்கள், குறுக்கே போக வேண்டிய இடத்தில் செங்கோணத்தில் கடக்கட்டும்.

பிளக்கை நீங்களே அடிப்பதாக இருந்தால்:

1. வெளித்தோலை 3 செ.மீ. அளவுக்கு உரியுங்கள். உள்ளே உள்ள வயர்களில் கத்தி படக் கூடாது.
2. நான்கு ஜோடிகளையும் பிரித்து இந்த வரிசையில் அடுக்குங்கள்: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு.
3. நேராக்கி, 13 மி.மீ. நீளம் மிஞ்சும்படி நுனியை ஒரே மட்டமாக வெட்டுங்கள். இதற்கு மேல் முறுக்கு அவிழ்ந்திருக்கக் கூடாது.
4. பிளக்கின் கிளிப் கீழ்நோக்கியும் திறப்பு உங்களை நோக்கியும் இருக்கும்படி பிடியுங்கள். வெள்ளை-ஆரஞ்சு இடது கோடியில் போக வேண்டும். எட்டு வயர்களும் முன்சுவரைத் தொடும்வரை தள்ளுங்கள். வெளித்தோலும் பிளக்குக்குள் கொஞ்சம் நுழைந்திருக்க வேண்டும்.
5. கிரிம்பிங் டூலால் ஒரே அழுத்தாக முழுமையாக அழுத்துங்கள். மறுமுனையிலும் இதே வரிசை.

பச்சை ஜோடி ஏன் நீல ஜோடியைச் சுற்றி, 3ஆம் 6ஆம் இடங்களில் பிரிந்து நிற்கிறது என்று பலர் குழம்புவார்கள். "இரு முனையிலும் ஒரே வரிசை இருந்தால் போதுமே" என்று நிறங்களை ஜோடி ஜோடியாக அடுக்குபவர்களும் உண்டு. மலிவான டெஸ்டரில் 1 முதல் 8 வரை எல்லா விளக்கும் ஒழுங்காக எரியும். ஆனால் 3உம் 6உம் ஒரே ஜோடியாக முறுக்கப்பட்டிருந்தால்தான் இடையூறு ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். முறுக்கு மாறினால் பக்கத்து ஜோடியின் சிக்னல் இதில் கலந்து, இணைப்பு விழுந்து விழுந்து எழும். டெஸ்டர் சரி என்கிறது, நெட் மட்டும் தகராறு செய்கிறது என்றால் நிற வரிசையைக் கண்ணால் பாருங்கள்.

இன்னொரு அடையாளம் வேகச் சோதனையின் எண். 300 எம்பிபிஎஸ் திட்டம் எடுத்திருக்கிறீர்கள். கேபிளில் சோதித்தால் எத்தனை முறை பார்த்தாலும் 93, 94, அதற்கு மேல் ஏறவே மறுக்கிறது. இணைப்பு நிறுவனத்தைக் குறை சொல்லத் தோன்றும். 100 எம்பிபிஎஸ் ஈதர்நெட்டுக்கு இரண்டு ஜோடி வயர் போதும் (1, 2, 3, 6). 1 ஜிகாபிட்டுக்கு நான்கு ஜோடியும் வேண்டும். நீலத்திலோ பழுப்பிலோ ஒரு வயர் ஒடிந்திருந்தால் பல கருவிகள் எந்தப் புகாரும் சொல்லாமல் 100க்கு இறங்கிவிடும். பாக்கெட் தலைப்புகளுக்கான பங்கு போக மிஞ்சுவது அந்த 94. வேறு கேபிள் மாற்றிப் பாருங்கள். மாறாவிட்டால் ரவுட்டரின் போர்ட்டே 100 எம்பிபிஎஸ் வகையா என்று பாருங்கள். விலை குறைந்த ரவுட்டர்களில் அப்படித்தான் இருக்கும்.

வைஃபையை அமைப்பது

பிரவுசரில் கேட்வே முகவரியை அடித்தால் ரவுட்டரின் செட்டிங்ஸ் திறக்கும். முதல் வேலை, நிர்வாகப் பாஸ்வேர்டை மாற்றுவது. இது வைஃபை பாஸ்வேர்டிலிருந்து வேறு. பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் பாஸ்வேர்டு அப்படியே இருக்க வேண்டாம். அடுத்து ஃபர்ம்வேரை (ரவுட்டரை இயக்கும் மென்பொருளை) புதுப்பியுங்கள். பாஸ்வேர்டு இல்லாமல் பொத்தானாலோ பின் எண்ணாலோ இணைக்கும் வசதியான டபிள்யூபிஎஸ்ஸை அணையுங்கள். அதன் எட்டு இலக்கப் பின் எண்ணை இரண்டு பாதியாக உடைத்துச் சோதிக்க முடியும் என்பதால் சில ஆயிரம் முயற்சிகளிலேயே விழுந்துவிடும்.

பாதுகாப்பு முறையில் டபிள்யூபிஏ3 அல்லது டபிள்யூபிஏ2/3 கலப்பைத் தேர்ந்தெடுங்கள். பழைய பிரிண்டர், ஸ்மார்ட் பல்ப் ஏதாவது இணைய மறுத்தால் டபிள்யூபிஏ2-ஏஇஎஸ். டிகேஐபி என்ற பழைய குறியாக்க முறை கண்ணில் பட்டால் தொடாதீர்கள். பாதுகாப்பும் பலவீனம், வேகமும் 54 எம்பிபிஎஸ்ஸுக்கு இறங்கிவிடும்.

2.4 கிகாஹெர்ட்ஸில் சேனல் அகலம் 20 மெகாஹெர்ட்ஸ். 40 வைத்தால் வேகம் கூடும் என்பது தாளில் மட்டும்தான்; பக்கத்து வீட்டு வைஃபைகளோடு மோதி மொத்தமும் கெடும். சேனல் எண்கள் 5 மெகாஹெர்ட்ஸ் இடைவெளியில் இருக்க, ஒவ்வொன்றும் ஏறக்குறைய 20ஐப் பிடிக்கிறது. ஆகவே ஒன்றன்மேல் ஒன்று ஏறாதவை 1, 6, 11 மட்டுமே. 1இலும் 6இலும் கூட்டம் இருக்கிறதே என்று 3இல் போய் உட்கார்ந்தால் இரண்டு பக்கத்துச் சத்தத்தையும் சேர்த்து வாங்கிக்கொள்வீர்கள். அதே சேனலில் இருக்கும் ரவுட்டர்களாவது ஒன்றுக்கொன்று வழிவிட்டுப் பேசும். பாதி மேலேறி நிற்பது வெறும் இரைச்சல்தான்.

5 கிகாஹெர்ட்ஸில் 80 மெகாஹெர்ட்ஸ் அகலம் வைக்கலாம். 36 முதல் 48 வரையுள்ள சேனல்கள் தொந்தரவு இல்லாதவை. 52 முதல் 144 வரையுள்ளவை ரேடாரோடு பகிர்ந்துகொள்பவை. அங்கே ரவுட்டர் ஒளிபரப்பத் தொடங்குமுன் குறைந்தது 60 நொடி காத்திருந்து கேட்க வேண்டும்; ரேடார் போல ஏதாவது காதில் விழுந்தால் உடனே சேனலை விட்டு விலக வேண்டும். வைஃபை நாளுக்கு ஓரிரு முறை காரணமில்லாமல் ஒரு நிமிடம் மறைந்து வந்தால் சேனல் எண்ணைப் பாருங்கள்.

சிக்னலைக் கோடுகளை வைத்து எடைபோடாதீர்கள். வைஃபை அனலைசர் வகைச் செயலியில் சிக்னலின் வலிமையைச் சொல்லும் டிபிஎம் எண் தெரியும். -50 அருமை, -67 வரை வீடியோ அழைப்புக்குப் போதுமானது, -75க்குக் கீழே தடுமாறும், -85இல் இணைந்திருப்பதாகக் காட்டும், அவ்வளவுதான். ஒவ்வொரு 3 டிபி இறக்கமும் சக்தி பாதியாவதைக் குறிக்கும். கோடுகள் நிறைந்திருப்பது போனுக்கு ரவுட்டரின் குரல் கேட்கிறது என்பதை மட்டுமே சொல்லும். போனின் குரல் ரவுட்டருக்குக் கேட்கிறதா, ரவுட்டருக்குப் பின்னால் இணையம் இருக்கிறதா என்பது அதில் தெரியாது.

2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும் அவ்வப்போது கெடுகிறதென்றால் அக்கம்பக்கம் பாருங்கள். மைக்ரோவேவ் அடுப்பு 2.45 கிகாஹெர்ட்ஸில்தான் இயங்குகிறது. யுஎஸ்பி 3 ஹார்ட் டிஸ்கும் அதன் கேபிளும் இதே அலைவரிசையில் இரைச்சலைக் கசியவிடும். லேப்டாப்பில் டிஸ்கைச் செருகியதும் வயர்லெஸ் மவுஸ் திக்கினால் காரணம் இதுதான். மவுஸின் ரிசீவரை ஒரு நீட்டிப்பு வயரில் தள்ளி வையுங்கள். புளூடூத்தும் இங்கேதான் இருக்கிறது. ஆனால் அது 79 சேனல்களுக்கிடையே நொடிக்கு 1600 முறை தாவுவதாலும், நெரிசலான சேனல்களைத் தவிர்ப்பதாலும் பெரும்பாலும் தப்பித்துக்கொள்கிறது.

ஸ்மார்ட் பிளக், பல்ப் வகையறாக்களில் பல 2.4ஐ மட்டுமே அறிந்தவை. 2.4க்கும் 5க்கும் ஒரே பெயர் வைத்திருக்கும்போது அமைப்புச் செயலி குழம்பினால், 5ஐச் சில நிமிடம் அணைத்துவிட்டு இணையுங்கள். இவற்றை விருந்தினர் நெட்வொர்க்கில் ஒதுக்கி வைப்பது நல்லது. மலிவுக் கேமரா ஒன்றின் ஓட்டை வழியாக உங்கள் கணினிக்கு யாரும் வர வேண்டாம்.

பிரிண்டருக்கு மட்டும் டிஎச்சிபி ரிசர்வேஷன் போட்டு ஒரே முகவரியைக் கொடுங்கள். "நேற்று அச்சடித்தது, இன்று ஆஃப்லைன்" என்ற புகாரில் பெரும்பகுதி முகவரி மாறியதால் வருவது. கவனம்: புதிய போன்கள் ஒவ்வொரு நெட்வொர்க்குக்கும் ஒரு போலி மேக் முகவரியை (கருவியின் அடையாள எண்ணை) காட்டும். போனுக்கு ரிசர்வேஷனோ நேரக் கட்டுப்பாடோ வைப்பதென்றால் அந்த வசதியை உங்கள் வீட்டு வைஃபைக்கு மட்டும் அணைக்க வேண்டும்.

பழைய ரவுட்டரை இரண்டாவதாகச் சேர்ப்பது

மாடியில் சிக்னல் இல்லை, பழைய ரவுட்டர் சும்மா கிடக்கிறது. அதை அப்படியே வான் போர்ட்டில் செருகினால் நெட் வரும். ஆனால் மாடியில் இருக்கும் போனுக்குக் கீழே உள்ள பிரிண்டர் தெரியாது, ஏனென்றால் இரண்டு நாட், இரண்டு நெட்வொர்க். வீட்டுக் கருவிகளுக்கான லான் (LAN) போர்ட்டில் செருகி டிஎச்சிபியை அணைக்க மறந்தால் இன்னும் மோசம். இரண்டு ரவுட்டரும் முகவரி வழங்கும், யார் முந்துகிறாரோ அதுதான் கிடைக்கும். சில கருவிகளில் நெட் வரும், சிலவற்றில் வராது, மறுபடி இணைத்தால் மாறிவிடும். சரியான முறை:

1. பழைய ரவுட்டரை ரீசெட் செய்து, தனியாகக் கணினியில் மட்டும் இணையுங்கள்.
2. அதன் முகவரியை 192.168.1.2 என்று மாற்றுங்கள் (முதன்மை 192.168.1.1 என்றால்). முதன்மை ரவுட்டர் வழங்கும் முகவரிகள் 100இலிருந்து தொடங்கும்படி வையுங்கள். இல்லையென்றால் 2 வேறு கருவிக்குப் போய் மோதும்.
3. டிஎச்சிபியை அணையுங்கள்.
4. வைஃபை பெயரும் பாஸ்வேர்டும் முதன்மையில் உள்ளதையே கொடுங்கள். சேனலை மட்டும் வேறாக வையுங்கள்.
5. முதன்மையின் லான் போர்ட்டிலிருந்து இதன் லான் போர்ட்டுக்குக் கேபிள். வான் போர்ட் காலியாக இருக்கட்டும்.

கேபிள் இழுக்க வழியே இல்லை என்றால்தான் ரிப்பீட்டர். சிக்னல் இல்லாத அறைக்குள் வைக்காதீர்கள்; -65 டிபிஎம் கிடைக்கும் பாதி வழியில் வையுங்கள். ஒரே அலைவரிசையில் வாங்கித் தரும் ரிப்பீட்டரில் வேகம் பாதியாகும், அது தவிர்க்க முடியாதது.

கோளாறைப் பிடிக்கும் வரிசை

கீழிருந்து மேலே. நடுவில் தாவ வேண்டாம்.

முதலில் விளக்குகள். ஃபைபர் பெட்டியில் லாஸ் (LOS) என்ற சிவப்பு விளக்கு எரிந்தால் ஒளியே வரவில்லை. ரவுட்டரில் என்ன செய்தும் பயனில்லை, நிறுவனத்தை அழையுங்கள். போர்ட் விளக்கு எரியவில்லை என்றால் கேபிள்.

இரண்டாவது, கருவிக்கு முகவரி கிடைத்திருக்கிறதா? நெட்வொர்க் விவரங்களில் பாருங்கள். 169.254 என்று தொடங்கினால் டிஎச்சிபியிடமிருந்து பதிலே வரவில்லை, கணினி தானாக ஒரு முகவரியைச் சூட்டிக்கொண்டது என்று பொருள். ஒரே கருவியில் மட்டும் இப்படி என்றால் கருவியில் சேமித்திருக்கும் அந்த நெட்வொர்க்கை நீக்கிவிட்டு (Forget) மறுபடி இணையுங்கள். எல்லாவற்றிலும் என்றால் ரவுட்டர்.

மூன்றாவது, கேட்வேக்கு ஐம்பது முறையாவது பிங் (பதில் வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்க்கும் சிறு சோதனைச் செய்தி) அனுப்புங்கள். கேபிளில் 1 மில்லி நொடிக்குள், நல்ல வைஃபையில் 2 முதல் 5 வரை. இடையிடையே 200, 300 என்று எகிறினாலோ பதில் தவறினாலோ கோளாறு வீட்டுக்குள்தான்.

நான்காவது, 8.8.8.8 அல்லது 1.1.1.1க்குப் பிங். கேட்வே சரி, இது தவறுகிறது என்றால் கோளாறு வெளியே. இங்கே தாமதம் இருப்பது இயல்பு. ஒளி ஃபைபரில் நொடிக்குச் சுமார் 2,00,000 கி.மீ. போகிறது, 5000 கி.மீ. தொலைவு சர்வருக்குப் போய்வர எவ்வளவு வேகத் திட்டம் எடுத்தாலும் 50 மில்லி நொடிக்குக் கீழே வராது.

ஐந்தாவது, ஒரு தளத்தின் பெயருக்குப் பிங். எண்ணுக்குப் பதில் வருகிறது, பெயரைக் கண்டுபிடிக்கவே முடியவில்லை என்றால் டிஎன்எஸ். ரவுட்டரில் 1.1.1.1, 8.8.8.8 இரண்டையும் டிஎன்எஸ் முகவரிகளாகக் கொடுங்கள்.

இவ்வளவும் சரியாக இருந்தும் எல்லாத் தளங்களும் சான்றிதழ் பிழை காட்டினால் கருவியின் தேதியைப் பாருங்கள். சில தளங்கள் மட்டும் பாதியில் தொங்கினால் எம்டியூ, அதாவது பாக்கெட்டின் உச்ச அளவு, மேல் சந்தேகம். பயனர்பெயர், பாஸ்வேர்டு கொடுத்து நுழையும் பிபிபிஓஇ இணைப்பு 8 பைட்டைத் தனக்கு எடுத்துக்கொள்வதால் 1500க்குப் பதில் 1492 என்று ரவுட்டரில் இருக்க வேண்டும்.

தனியாக இருக்கும்போது நன்றாக ஓடுகிறது, யாராவது படங்களை மேலே ஏற்றும்போது வீடியோ அழைப்பு உறைகிறது என்பது வேறு வகை. வெளியே போகும் பாக்கெட்டுகள் பெட்டிக்குள் நீண்ட வரிசையில் தேங்குகின்றன. ரவுட்டரில் எஸ்க்யூஎம் அல்லது க்யூஓஎஸ் (பாக்கெட் வரிசையை ஒழுங்குபடுத்தும் வசதி) இருந்தால், பதிவேற்ற வேகத்தை நிஜமாகக் கிடைப்பதில் 90 சதவீதத்துக்கு வரையறுங்கள். வரிசை உங்கள் கட்டுப்பாட்டுக்கு வந்துவிடும்.

வேகத்தைக் கணக்கிடும்போது பிட்டையும் பைட்டையும் குழப்பாதீர்கள். 100 எம்பிபிஎஸ் திட்டத்தில் டவுன்லோடு நொடிக்கு 12.5 எம்பியைத் தாண்டாது. வைஃபை செட்டிங்ஸில் காட்டும் 866 எம்பிபிஎஸ் என்பது வானலை வேகம். கையில் கிடைப்பது 500, 600தான்.

மறுதொடக்கம் செய்தே ஆக வேண்டுமென்றால் இரண்டையும் அணைத்து 30 நொடி விடுங்கள். முதலில் ஃபைபர் பெட்டி. விளக்குகள் நிலைத்த பிறகு ரவுட்டர். ரீசெட் பொத்தானை அழுத்தாதீர்கள். அது மறுதொடக்கம் அல்ல. பிபிபிஓஇ பயனர்பெயர், பாஸ்வேர்டு உட்பட எல்லாவற்றையும் அழித்துவிடும்.

நிறுவனத்தை அழைப்பதற்கு முன் கணினியைக் கேபிளில் ரவுட்டரோடு நேரடியாக இணைத்து மறுபடி சோதியுங்கள். வைஃபையில் எடுத்த எண்ணைச் சொன்னால் பேச்சு அங்கேயே நின்றுவிடும். விளக்குகளின் நிலை, கேட்வே பிங், 8.8.8.8 பிங், கோளாறு தொடங்கிய நேரம் ஆகிய நான்கையும் சொல்லுங்கள். ஃபைபர் பெட்டியின் செட்டிங்ஸில் பெறும் ஒளியின் அளவும் தெரியும். ஜிபான் எனும் வகை ஃபைபர் இணைப்பில் -8 முதல் -27 டிபிஎம் வரை இருக்க வேண்டும். -28, -29 என்று இருந்தால் அந்த எண்ணை முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள், நேராக லைன் பார்க்க ஆள் அனுப்ப வேண்டிய கோளாறு அது.